பாக்கியத்தின் முழுக்கு

தேவகிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதை அவள் யாரிடமும் வலியப் போய்ச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் மறைத்ததும் இல்லை. அவளுடைய அப்பா பள்ளிகொண்டா பக்கம் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கூட்டத்துக்குப் போனவர். டீக்கடையில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். அந்த வம்பு தேவகிக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அவரிடமிருந்து சாமி இல்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, சண்டையை அவரிடமே விட்டுவிட்டாள். கணவன் வேலாயுதம் பள்ளிகொண்டா பஸ் ஸ்டாண்டு அருகே டூவீலர் மெக்கானிக். மாதம் ஒரு சனிக்கிழமை ரங்கநாதரைப் பார்த்துவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து துளசியை எடுத்து அலமாரி மேல் வைப்பான். அவள் அலமாரியைத் துடைக்கும்போது துளசியை ஓரமாக எடுத்து வைத்து, துடைத்து முடித்ததும் மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுவாள். அந்த வீட்டில் இதைப் பற்றி ஒரு நாளும் பேச்சு வளர்ந்ததில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தையல் ஹாலில் அவளுக்கு வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கான தோலைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவார்கள். அவற்றைச் சேர்த்துத் தைப்பது இவர்கள் பாடு. அவளுக்குப் பக்கத்து மெஷினில் பாக்யலட்சுமி. ஹாலில் எல்லோருக்கும் அவள் பாக்யா, தேவகிக்கு மட்டும் பாக்கியம். இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கம்பெனி பஸ்ஸில் தேவகி பள்ளிகொண்டாவில் ஏறுவாள், பாக்கியம் மாதனூரில் ஏறுவாள். அதுவரைக்கும் ஜன்னலோரத்து இடத்தில் தேவகியின் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும். வண்டி ஆட்டத்தில் பாக்கியத்துக்கு வயிற்றைப் புரட்டும் என்பதால் காற்று வரும் இடம் அவளுக்கு என்று என்றைக்கோ தீர்மானமாகிவிட்டது.

பாக்கியத்துக்கு எல்லாச் சாமியும் வேண்டும். ஆடியில் கூழ் ஊற்றுவாள், செவ்வாய்க்கிழமை ஒருபொழுது இருப்பாள், தர்காவுக்கு முன்னால் பஸ் போகும்போதும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஆயுதபூஜைக்கு முதல் நாள் ஹாலில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். தேவகி தன் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஊசிக்குக் கீழே அடைந்திருக்கும் தோல் தூளைக் குச்சியால் நோண்டி எடுத்து, புதுசு மாதிரி ஆக்கிவிட்டு எழுந்துவிடுவாள். பொட்டு வைக்க மாட்டாள். பாக்கியம்தான் தன் மெஷினுக்கு வைத்த கையோடு இதற்கும் ஒன்று வைப்பாள்.

"உனக்கு நம்பிக்கை இல்லன்னா போ. மெஷின் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்பாள்.

மூன்று வருஷம் முன்பு பாக்கியத்தின் கணவன் ஏகாம்பரம் சிறுநீரகம் கெட்டுப் போய் இறந்தான். வேலூர் ஆஸ்பத்திரிக்கும் மாதனூருக்குமாக அவள் அலைந்த காலத்தில் தேவகி லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள். ரத்தம் சுத்தம் செய்யும் அறைக்கு வெளியே இரண்டு பேரும் ஒரே தட்டில் இட்லி சாப்பிட்டிருக்கிறார்கள். ஏகாம்பரம் போன பிறகு மகள் சௌமியா பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பாக்கியம் மாதனூர் வீட்டில் தனியாக இருந்தாள். அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருவதைத் தேவகி பார்த்தாள். சிரிப்பு வந்தது, முகம் தெளிந்தது. காலம் ஆற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஆம்பூரைத் தாண்டியதும் பாக்கியம் சொன்னாள்: "தேவகி, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத."

"சொல்லு."

"நான் ஞானஸ்நானம் எடுக்கப் போறேன்."

வண்டிச் சத்தத்தில் தப்பாகக் காதில் விழுந்ததோ என்று தேவகி நினைத்தாள். "இன்னாது?"

"கிறிஸ்டினா போற சபைக்கு நானும் போறேன். துத்திப்பட்டுகிட்ட. ஒரு வருஷம் ஆவுது."

கிறிஸ்டினா, தைத்து முடிந்ததைச் சரிபார்க்கும் மேஜையில் இருப்பவள். ஒரு வருஷம் என்றதும்தான் தேவகிக்குச் சுருக்கென்றது. திங்கள்கிழமை தோறும் அவள் நேத்து இன்னா பண்ண என்று கேட்பாள். பாக்கியம் துணி தொவச்சேன், தூங்குனேன் என்பாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயிருக்கின்றன.

"என்கிட்ட கேக்கவே இல்லியே."

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"சொல்லியிருப்பேன்."

"அதான்."

தேவகிக்கு என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது. "இருந்த சாமிங்கல்லாம் பத்தலியா உனக்கு? அவங்க ஒருத்தரும் ஏகாம்பரத்த காப்பாத்தல. இவரு மட்டும் இன்னா கிழிச்சிடப் போறாரு?"

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எதிராளியின் நெற்றியைப் பார்த்துப் பேசும் குரல். பாக்கியம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாதனூரில் இறங்கும்போது வழக்கமாகச் சொல்லும் "வர்றேன்" வரவில்லை.

அதன் பிறகும் பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் பேச்சு நூல், ஊசி, சூப்பர்வைசர் என்று சுருங்கிப் போனது. வீட்டில் வேலாயுதம் கேட்டான்: "அவ எங்க போனா உனக்கு இன்னா? நான் கோயிலுக்குப் போறேன். என்கிட்ட நீ மூஞ்சிய தூக்குனது இல்லியே."

"நீ சொல்லிட்டுப் போற."

அதைச் சொன்னபோதுதான் அவளுக்கே தெரிந்தது, தன் கோபம் சாமியைப் பற்றியதே இல்லை என்று. தான் இல்லாத ஓர் இடத்தில் பாக்கியம் ஒரு வருஷமாகச் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். அதுதான் வலித்தது.

ஆயுதபூஜை வந்தது. தேவகி எப்போதும் போல மெஷினைத் துடைத்தாள், எண்ணெய் விட்டாள். எழுந்திருக்க வேண்டியவள் பழக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தாள். பாக்கியம் மடியில் கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவளுடைய மெஷினிலும் பொட்டு இல்லை. அவ்வளவு பெரிய ஹாலில் இரண்டே மெஷின்கள் பக்கத்தில் பக்கத்தில் வெறும் நெற்றியோடு நின்றன. தேவகிக்குக் கண் கலங்கிவிட்டது. போயும் போயும் ஒரு குங்குமப் பொட்டுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பொரிகடலைப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். பாக்கியம் கையை நீட்டவில்லை.

"பொரி கூடவா ஆகாது?" என்று கேட்டாள் தேவகி.

"படைச்சது. வேணாம்னு இருக்கேன்."

தேவகி எழுந்து போனாள். கேட்டுக்கு வெளியே கடையில் நான்கு வாழைப்பழமும் இரண்டு டீயும் வாங்கி வந்து, பாக்கியத்தைச் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். "இது யாருக்கும் படைக்கல. சாப்டு."

இரண்டு பேரும் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தார்கள். பாக்கியம் பழத்தை உரித்தாள்.

"ஆஸ்பத்திரில நான் உன்கூட இல்லியா?" தேவகி கேட்டாள். "எங்க கம்மி வெச்சேன்? அதை மட்டும் சொல்லு."

பாக்கியம் பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "நீ இருந்த. உன்னாட்டம் கூடப் பொறந்தவங்ககூட இல்ல. ஆனா நீ வூட்டுக்குப் போகணும் இல்ல? போனப்புறம் பேசறதுக்கு யாராச்சும் வேணும் தேவகி. முன்னயும் சாமி கும்பிட்டேன். அத குடு இத குடுன்னு கேட்டுக்கினே இருந்தேன். பேசுனது கெடயாது. இப்ப பேசறேன். அவரு கேக்கறாரு."

"கேக்கறதுக்கு ஆளே இல்லன்னா?"

பாக்கியம் யோசித்தாள். கோபப்படவில்லை. "இல்லன்னு நீ சொல்ற. நான் பேசிட்டுப் படுத்தா தூங்கிடறேன். அதுக்கு முன்ன தூங்குனதே இல்ல."

தேவகிக்கு இதில் ஒப்புதல் இல்லை. ஆனால் மறுத்துச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. ரொம்ப நாள் தூக்கம் இல்லாமல் சிவந்து கிடந்த அந்தக் கண்களை அவள் பஸ்ஸில் பக்கத்திலிருந்து பார்த்தவள்தானே.

"சரி. எப்ப அந்த ஞானஸ்நானம்?"

பாக்கியத்தின் முகம் சுருங்கியது. "ஆயிருக்கணும். ரெண்டு வாட்டி எறங்கிட்டுப் பயந்து ஏறிட்டேன்."

அந்தச் சபையில் ஞானஸ்நானம் என்றால் தலையில் தெளிப்பதில்லை. கட்டிடத்துக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. அதில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டும். பாஸ்டர் பிடித்துப் பின்பக்கமாகச் சாய்த்து முழுசாக முக்கி எடுப்பார். பாக்கியத்துக்கோ தண்ணீர் என்றால் ஆகாது. ஏழெட்டு வயதில் வயல் கிணற்றுப் படியில் வழுக்கி உள்ளே போய்விட்டாள். யாரோ முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து முகத்தின் மேல் தண்ணீர் விழ விடமாட்டாள். ஈரத் துணியால்தான் முகம் துடைப்பாள். தலைக்கு ஊற்றும்போது கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொள்வாள். கம்பெனிக் குழாயடியில் அந்த ஈரத் துணியைத் தேவகி இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறாள். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"கிறிஸ்டினா சொல்றா, விசுவாசம் முழுசா இருந்தா பயம் வராதாம்," என்றாள் பாக்கியம். "அப்ப எனக்குக் கம்மின்னுதான அர்த்தம்? அதான் பேஜாரா இருக்குது."

தேவகிக்குச் சுர்ரென்று ஏறியது. "அவளுக்கு இன்னா தெரியும்? உனக்கு மூச்சடக்கத் தெரியல, அவ்ளோதான். நான் கெணத்து மேட்டுலேர்ந்து தலகீழா குதிப்பேன். எனக்கு எவ்ளோ விசுவாசம்னு உனக்கே தெரியும்."

பாக்கியம் வாய்விட்டுச் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"நான் சொல்லித் தர்றேன்," என்றாள் தேவகி. சொன்ன பிறகுதான், எதற்காகச் சொல்லித் தரப் போகிறோம் என்பது உறைத்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

தேவகியின் தம்பி புகழேந்திக்குப் பள்ளிகொண்டாவுக்கு வெளியே கொஞ்சம் நிலம் இருந்தது. வாழைத் தோட்டம், பம்புசெட், அதன் வாயில் ஒரு பெரிய தொட்டி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாக்கியம் பஸ் பிடித்து வருவாள். வேலாயுதத்தின் வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் தேவகி அவளை அழைத்து வருவாள். மத்தியான நேரத்தில் தோட்டத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு பேரும் பழைய நைட்டிக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டார்கள்.

முதல் வாரம் தொட்டிக்குப் போகவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் பிடித்து வாழை மரத்தடியில் வைத்தாள் தேவகி. வாயால் மூச்சை இழுக்க வேண்டும், மூக்கைப் பிடிக்க வேண்டும், குனிய வேண்டும். தண்ணீர் நெற்றியில் பட்டதுமே பாக்கியம் துள்ளி எழுந்தாள். தேவகியின் மணிக்கட்டில் அவளுடைய நகம் பதிந்துவிட்டது. மறுபடி குனிந்தாள், மறுபடி எழுந்தாள்.

"பயமா இருக்குது டி."

"இருக்கட்டும். பயந்துக்கினே பண்ணு. பயம் போனப்புறம்தான் பண்ணணும்னு யாரு சொன்னது?"

அன்று சாயங்காலத்துக்குள் மூக்கின் நுனி மட்டும் நனைந்தது. வண்டியில் திரும்பும்போது பாக்கியம் பின்னால் உட்கார்ந்து, ஈர முகத்தைத் தேவகியின் முதுகில் சாய்த்துக்கொண்டே வந்தாள்.

இரண்டாவது வாரம் முகம் முழுக்க உள்ளே போனது. அதற்கடுத்த வாரம் தொட்டிக்குள் இறங்கி, தண்ணீரில் கழுத்துவரை உட்கார்ந்தாள். மோட்டார் போட வந்த புகழேந்தி வரப்பிலேயே நின்று பார்த்தான்.

"இன்னாக்கா, சபைக்கு ஆள் தயார் பண்ணி உட்றியா? அப்பா இருந்திருந்தா பந்தல் போட்டு உன்னத் திட்டியிருப்பாரு."

"மோட்டாரப் போட்டுட்டுப் போடா."

அவன் போகவில்லை. பாக்கியம் துணி மாற்றப் போனதும் கிட்டே வந்து, "நெசமா கேக்கறேன். வேணாம்னு சொல்ல வேண்டியவ நீ," என்றான்.

"சொன்னேன். அவ மனசுல முடிவு பண்ணிட்டா. இனி நடுங்கிக்கினு போகணுமா, நல்லபடியா போகணுமான்றது ஒண்ணுதான் பாக்கி. அதுல நான் கொஞ்சம் ஒத்தாசை பண்ணலாம்."

புகழேந்தி தலையைச் சொறிந்தான். அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவர்கள் வரும்போது தொட்டியில் பாசியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தான்.

கடைசியில் கஷ்டமான பாடம் மிச்சமிருந்தது. முன்னால் குனிவது வேறு, பின்னால் சாய்வது வேறு. தேவகி ஒரு கையை அவள் முதுகிலும் ஒரு கையை மார்பின் மேல் கோத்திருந்த கைகளிலும் வைத்துக்கொண்டு, பாஸ்டர் செய்வது போலச் சாய்த்துப் பார்த்தாள். பாதி சாய்ந்ததும் பாக்கியத்தின் உடம்பு கட்டை போல விறைத்தது.

"எப்ப முக்குவேன்னு தெரியாம இருக்கறதுதான் பயம்," என்றாள் பாக்கியம். "பாஸ்டர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு சொல்வாரு. சொல்லி முடிச்சதும் முக்குவாரு. நீயும் அத சொல்லிட்டு முக்கு. அப்ப ஒடம்புக்குப் பழகிடும்."

தண்ணீர் அவள் இடுப்பைச் சுற்றி அசைந்துகொண்டிருந்தது.

"வெறும் வார்த்தைதான தேவகி."

"எனக்கு வெறும் வார்த்தை. உனக்கு இல்லியே," என்றாள் அவள். "நம்பாதத நான் வாயால சொன்னா அது பொய்யாயிடும். உன்ன கைல பிடிச்சுக்கினு பொய் சொல்ல மாட்டேன்."

பாக்கியம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். வற்புறுத்தவில்லை. தேவகியே வழி சொன்னாள். "நீ சொல்லு. நீ சொல்லி முடிச்சதும் நான் சாய்க்கிறேன்."

அப்படியே செய்தார்கள். பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு, வார்த்தைகளை மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். தேவகி "மூச்சு இழு" என்றாள். பாக்கியம் இழுத்தாள். தேவகி அவளைச் சாய்த்தாள். தண்ணீர் முகத்தின் மேல் மூடியது. தலைமுடி அகலமாக விரிந்தது. முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. தூக்கி நிறுத்தியபோது பாக்கியம் இருமவில்லை. சுற்றிலும் வாழை இலைகளை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தாள். "இன்னொரு வாட்டி," என்றாள். வெயில் இறங்கும்வரை இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜனவரியில் நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் பாஸ்டர் ஜீவா அவளிடம், வேறு பெயர் வைத்துக்கொள்ள விருப்பமா என்று கேட்டிருக்கிறார். கிறிஸ்டினா இரண்டு மூன்று பெயர் சொன்னாளாம். பாக்கியம் வேண்டாம் என்றுவிட்டாள். "பாக்கியம்னே இருக்கட்டும் பாஸ்டர். என் தோஸ்த்து அப்படித்தான் கூப்புடுவா," என்றாளாம். வேதத்திலேயே வரும் வார்த்தைதான், நல்ல பெயர் என்று அவரும் சொல்லிவிட்டார். இதைப் பஸ்ஸில் அவள் சொன்னபோது தேவகி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பாட்டுப் பையில் எதையோ தேடினாள்.

அன்றைக்குத் தேவகியும் போனாள். தகரக் கூரை போட்ட சின்னக் கட்டிடம். நாற்காலிகள் நிறைந்திருந்தன. சௌமியா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். ஏகாம்பரத்தின் அண்ணன் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. வர மாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். தேவகி கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தாள். ஜெபம் ஆரம்பித்ததும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவள் மூடவில்லை. மூடினால் நடிப்பதாக ஆகிவிடும். அதனால் அவளுக்கு எல்லாம் தெரிந்தது: கைகளை உயர்த்தி அழுகிறவர்கள், தூங்கும் குழந்தை, முன்வரிசையில் வெள்ளைப் புடவையில் கண்ணை மூடாமல் பின்னால் திரும்பித் தன்னைத் தேடிக்கொண்டிருந்த பாக்கியம். பார்வை சந்தித்ததும் பாக்கியம் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு எல்லோரும் பின்பக்கம் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். முதலில் ஓர் இளைஞன் இறங்கி ஏறினான். அடுத்தது பாக்கியம். முதல் படி, இரண்டாவது படி. மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவள் கால் நகரவில்லை. கிறிஸ்டினா கண்ணை இறுக மூடிக்கொண்டு முணுமுணுத்தாள்.

பாஸ்டர் ஜீவா தண்ணீரில் நின்றபடியே சுற்றிப் பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், தோல் கம்பெனியில் ஷிப்டு பார்த்துக்கொண்டே ஊழியம் செய்கிறவர். "தேவகின்றது யாரு?" என்று கேட்டார்.

கூட்டம் திரும்பியது. தேவகிக்குக் காது சூடாகிவிட்டது. "நாந்தான். ஆனா நான் சபை இல்லீங்க. எனக்கு நம்பிக்கையும் கெடயாது."

"சிஸ்டர் எல்லாம் சொல்லியிருக்காங்கம்மா. நீங்க கிட்ட வந்து நில்லுங்க. அது போதும்."

தேவகி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தொட்டி விளிம்பில் குந்தி உட்கார்ந்தாள்.

"பயமா?" மெதுவாகக் கேட்டாள் தேவகி.

பாக்கியம் தலையாட்டினாள்.

"இருக்கட்டும். எறங்கு."

பாக்கியம் இறங்கினாள். கைகளை மார்பில் கோத்துக்கொண்டாள். பாஸ்டர் முதுகைப் பிடித்துக்கொண்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று சொல்லி முடித்தார். அந்த இடத்தில் விளிம்பிலிருந்து தேவகியின் குரல் வந்தது: "மூச்சு இழு." கூட்டத்தில் சிலர் அதையும் சடங்கின் வார்த்தை என்று நினைத்து ஆமென் சொன்னார்கள்.

தண்ணீர் மூடியது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தேவகியும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். பாக்கியம் எழுந்தபோது முகமெல்லாம் தண்ணீர் வழிந்தது; அவள் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே வழிய விட்டுவிட்டு நின்றாள். அந்த முகத்தில் அப்போது இருந்தது என்னவென்று தேவகிக்குச் சொல்லத் தெரியவில்லை. அதில் தனக்குப் பங்கில்லை என்று தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கத் தடையில்லை என்பதும் தெரிந்தது. அழுதுகொண்டிருந்த சௌமியாவின் கையிலிருந்த துண்டை வாங்கி, பாக்கியத்தின் தலையைத் துவட்டினாள்.

மத்தியானம் பிரியாணி போட்டார்கள். அதற்கு முன்னால் பாக்கியம் எழுந்து சாட்சி சொன்னாள். ரொம்ப நேரம் பேசவில்லை. தனக்குத் தண்ணீர் பயம் இருந்ததையும், அதைப் போக்கக் கர்த்தர் தேவகியை அனுப்பினார் என்பதையும் சொன்னாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் தேவகி தாழ்ந்த குரலில் பிடித்துக்கொண்டாள்.

"என்ன யாரு அனுப்புனது? நானா வந்தேன். வேலாயுதம் வண்டில பெட்ரோல் போட்டுக்கினு வந்தேன்."

"சரி டி. நீயாத்தான் வந்த," என்றாள் பாக்கியம். பிறகு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "வரணும்னு உன் மனசுல தோணுச்சு இல்ல, அது யாரு வேலை?"

"என் வேலை."

"சரி, சரி. கத்திரிக்கா போட்டுக்கோ."

இந்த வழக்கு இன்றைக்கும் தீரவில்லை. பஸ்ஸில் மாதனூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் பல நாள் அதுதான் பேச்சு. சில விஷயங்கள் மாறித்தான் போயின. பொங்கலுக்குத் தேவகி வீட்டில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட முன்பெல்லாம் ஓடி வருகிறவள் இப்போது வேலாயுதம் படைப்பதற்கு முன்னால் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்கிறாள்; அவனும் எடுத்து வைக்கிறான். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாக்கியம் ஜெபத்துக்குப் போய்விடுவதால் அன்றைக்குத் தேவகி தனியாகத்தான் சாப்பிடுகிறாள். வெள்ளிக்கிழமைகளில் பாதிச் சாப்பாடு மிச்சமாகவே வீட்டுக்குத் திரும்பி வருகிறது. அதைப் பாக்கியத்திடம் சொன்னதில்லை.

மே மாதம் தேவகிக்குக் கர்ப்பப்பைக் கட்டிக்காக வேலூரில் ஆபரேஷன் நடந்தது. வேலாயுதம் கீழே மருந்து வாங்கப் போயிருந்தான். உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் தேவகிக்குப் பச்சை அங்கி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பாக்கியம் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தேவகிக்கு உள்ளுக்குள் பயம்தான், சொல்லவில்லை.

"ஜெபம் பண்ணட்டா?" என்று கேட்டாள் பாக்கியம். "வேணாம்னா மனசுக்குள்ள பண்ணிக்கிறேன்."

"மனசுக்குள்ள பண்ணா நான் தடுக்க முடியாது இல்ல? சத்தமாவே பண்ணு. நீ இன்னாதான் பேசறன்னு எனக்கும் தெரியட்டும்."

பாக்கியம் கண்ணை மூடினாள். தேவகி திறந்தே வைத்திருந்தாள். மைக்கில் கேட்கிற மாதிரி பெரிய வார்த்தைகள் வரும் என்று எதிர்பார்த்தாள். பாக்கியம் பஸ்ஸில் பேசுவது போலத்தான் பேசினாள். டாக்டரம்மா நல்லா தூங்கி எழுந்திருக்கணும் என்றாள். இவளுக்கு ஊசி குத்தினா நரம்பு கிடைக்காது, நர்ஸு பொறுமையா தேடணும் என்றாள். வூட்டுக்கு வந்ததும் சும்மா படுத்திருக்க மாட்டா, துணி துவைக்கப் போய்டுவா, அவள நீதான் கட்டி வைக்கணும் என்றாள். இவளுக்கு உன்னத் தெரியாது, பரவால்ல, உனக்கு இவளத் தெரியும் இல்ல என்றாள்.

பிறகு ஆமென் என்றாள். தேவகி சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ஏகாம்பரம் போன பிறகு மாதனூர் வீட்டில் தினமும் இந்தக் குரல் இப்படித்தான் பேசியிருக்கும், தன்னைப் பற்றியும் அடிக்கடி பேசியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்க ஆள் உண்டா இல்லையா என்ற கேள்வி அந்த நேரத்தில் எழவில்லை. இவ்வளவு விவரமாகத் தன்னைப் பற்றிக் கவலைப்படுகிற ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் நெஞ்சில் நிறைந்தது.

தள்ளுவண்டியோடு ஆள் வந்தான்.

"டாக்டரம்மா தூங்கியிருப்பாங்க," என்றாள் தேவகி. "நீ போய் எதாச்சும் சாப்டு. காலைலேர்ந்து டீ கூட குடிக்கல."

பாக்கியம் எழுந்தாள். ஆனால் சாப்பிடப் போகவில்லை. ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.